ஒரு பானை, நாலு பேர், 304: துறைமுகத்து இரவுச் சூப்பின் கதை

குளிர் நாட்டுக்காரர் இரவில் கூடி விளையாடும்போது சீஸும் பேக்கனும் போட்டுத் தடிப்பாகக் காய்ச்சின சூப் ஒன்றை மேசை நடுவில் வைப்பார்கள். பெரிய பானை, நிறையப் பேர், கையில் சீட்டு, இல்லாட்டி தொலைக்காட்சியில் மட்ச். எங்கட குழுவுக்குள்ள இந்த யோசனை வந்தபோது முதல் எழும்பின கேள்வி ருசியைப் பற்றினது இல்லை. இதை யார் யார் குடிக்கலாம் என்பதுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். பேக்கன் என்றால் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வாற தோழர்கள் பானைப் பக்கமே வர ஏலாது. மாட்டு எலும்பில் சாறு எடுத்தால் சைவ வீட்டுப் பிள்ளைகளில் பாதி விலகும். வெள்ளிக்கிழமை என்றால் மீனும் இல்லை. கந்தளாயிலிருந்து வாற சிங்களத் தோழன் பன்றிக்கு ஓம், மாட்டுக்கு இல்லை என்கிறான். 2012 குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டத்தில் எந்தச் சமூகமும் பாதியைத் தாண்டவில்லை. அந்தப் புள்ளிவிபரம் ஒரு பானைக்கு முன்னால் இருந்து பார்க்கும்போதுதான் உண்மையாக விளங்குது.

அப்ப இந்த ஊருக்குச் சீஸும் பன்றியும் அந்நியமா என்று கேட்டால், இல்லை. இரண்டும் இருநூறு வருசத்துக்கு மேலாக எங்கட குடாவுக்குள்ள வந்து போனவைதான். கப்பலுக்குள்ள வந்து, மதிலுக்குள்ள நின்று, மதிலுக்குள்ளேயே முடிந்து போனவை.

1782ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கோ. அந்த ஒரே வருசத்தில் திருகோணமலைக் கோட்டையில் மூன்று கொடி பறந்தது. ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அதை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். பிறகு சமாதானம் பேசி ஒல்லாந்தருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். 1795இல் மறுபடியும் ஆங்கிலேயர். அதுக்குப் பிறகு 1957 வரைக்கும் அவர்கள் அசையவில்லை. இவ்வளவு சண்டையும் கோயிலுக்காகவோ கறுவாவுக்காகவோ நடக்கவில்லை. வங்காள விரிகுடாவில் புயற்காலத்திலும் ஒரு முழுக் கப்பற்படையை ஒளித்து வைக்கக்கூடிய ஆழமான குடா இது ஒன்றுதான் என்று அவர்கள் நம்பினார்கள். படை நின்றால் படைக்குச் சாப்பாடு வேணும்.

ஆங்கிலேயக் கடற்படை 1731இல் அச்சிட்ட விதிகளில் ஒரு மாலுமிக்கு ஒரு கிழமைக்கான பங்கு எழுதியிருக்கு. விசுக்கோத்து 7 இறாத்தல், பியர் 7 கலன், உப்பு மாட்டிறைச்சி 4 இறாத்தல், உப்புப் பன்றி 2 இறாத்தல், பட்டாணி 2 பைந்து, ஓட்ஸ் 3 பைந்து, பட்டர் 6 அவுன்ஸ், சீஸ் 12 அவுன்ஸ். பன்றி கொடுக்கிற ஞாயிறும் வியாழனும் பட்டாணியும் கொடுப்பார்கள். இரண்டையும் சேர்த்துக் காய்ச்சினால் என்ன வரும்? உப்புப் பன்றி போட்ட தடிச்ச சூப். இண்டைக்கு இணையத்தில் சுற்றுகிற "ஹார்ட்டி" சூப்புக்கு இதுவும் ஒரு பாட்டன் என்று நாங்கள் நினைக்கிறோம்.

சீஸ் கொடுக்கிறது இறைச்சி இல்லாத நாட்களில். திங்கள், புதன், வெள்ளி. அந்த நாட்களுக்கு மாலுமிகள் வைத்த பெயர்தான் எங்களுக்கு மிகவும் பிடித்த விசயம்: "பனியன் நாள்". குஜராத்தின் வாணியர், அதாவது பனியா வணிகர், இறைச்சி சாப்பிடாதவர்கள். அவர்களைப் பார்த்த ஆங்கிலேயர் இறைச்சி இல்லாத நாளுக்கே அந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். நாங்கள் சட்டைக்குள்ள போடுகிற பெனியனும் அதே சொல்லில் இருந்து வந்ததுதான். ஆக, வெள்ளைக்கார மாலுமி எங்கட ஆட்களின் சைவத்தை நினைத்துக்கொண்டு சீஸ் கடித்திருக்கிறான். நல்லாக் கடித்திருக்க மாட்டான். அந்தக் காலத்துச் சஃபொக் சீஸ் கல்லு மாதிரி இருக்கும் என்று மாலுமிகள் ஓயாமல் முறைப்பட்டு, கடைசியில் 1758இல் கடற்படை வேறு ஊர்ச் சீஸுக்கு மாறியது.

இந்தச் சமுத்திரத்துக்குள்ள வந்த பிறகு பட்டியல் தளர்ந்து போகும். பியருக்குப் பதில் சாராயம், விசுக்கோத்துக்கும் பட்டாணிக்கும் பதில் அரிசி, பட்டருக்குப் பதில் எண்ணெய், சீஸுக்குப் பதில் சீனி என்று மாற்றிக்கொள்ள விதியிலேயே இடம் இருந்தது. சூடு தாங்காத சாமானை வைத்துக்கொண்டு இந்தியப் பெருங்கடலில் ஒரு பேரரசை நடத்த ஏலாது. பேரரசும் கொஞ்சம் சோறு சாப்பிடத்தான் வேண்டியிருந்தது. (ஜேன் ஒஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஒஸ்டின் 1852இல் பர்மாப் போரில் இறந்து எங்கட ஊரில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஆங்கிலம் சிறப்புப் பாடமாக எடுக்கிற தோழிகள் அந்தக் கல்லறையைத் தேடிப் போவார்கள். அவர் இங்க என்ன சாப்பிட்டார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.)

சீஸ் உண்மையில் வெப்ப நாட்டுக்கு வந்து சேர்ந்தது கடைசியில் இரசாயனத்தால்தான். 1911இல் சுவிற்சர்லாந்தின் தூன் நகரில் கேர்பர், ஸ்டெட்லர் என்ற இருவர் சீஸைச் சிட்ரேட் உப்போடு சேர்த்து உருக்கினால் கொழுப்புப் பிரியாமல் நீண்ட நாள் கிடக்கும் என்று கண்டுபிடித்தார்கள். 1916இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் அதே மாதிரி ஒரு முறைக்குக் காப்புரிமை எடுத்து, முதலாம் உலகப் போரில் படைகளுக்கு ரின்னில் அடைத்து விற்றார். எங்கட அம்மம்மாமார் "கிராஃப்ட் சீஸ்" என்று சொல்கிற அந்த நீல ரின்னும், கடைக் குளிர்சாதனப் பெட்டியில் கிடக்கிற முக்கோணத் துண்டுகளும், கொத்து ரொட்டியில் ஊற்றுகிற சீஸும் எல்லாம் இந்தக் குடும்பம். "பாலாடைக்கட்டி" என்று பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கு. ஒருவரும் வாயால் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. பாணுக்குப் போர்த்துக்கேயச் சொல் இருக்கிறது. சீஸுக்கு இங்கிலீசுதான்.

சரி, மதிலுக்கு வெளியே என்ன கொதித்தது?

கூழ். ஒடியற்கூழ் என்றாலே யாழ்ப்பாணத்தின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒடியல் மா இன்றைக்கும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகுது. ஆனால் நண்டும் இறாலும் கணவாயும் மலிந்த கொட்டியாரக் குடாக் கரையில் கூழ் இல்லாமல் இருக்குமா? வடக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் கடல் கொந்தளிக்கிற தென்மேல் பருவத்தில் அந்தப் பக்கத்து மீனவர் கிழக்குக்கு வந்து வாடி அடித்துத் தங்குகிற வழக்கம் நீண்ட காலமாக இருந்தது. இரவில் வலை இல்லாத நேரம், விற்காத சில்லறை மீன், ஒரு பெரிய பானை, நிறைய ஆம்பிளையள். கூழ் எங்கட கரைக்கு வந்த வழிகளில் இதுவும் ஒன்றாக இருக்க வேணும் என்பது எங்கட ஊகம்.

"கூழ் எங்கட ஆதித் தமிழ் உணவு, கலப்பில்லாதது" என்று பேசுகிறவர்களிடம் பானையை ஒருக்கால் கிளறிப் பார்க்கச் சொல்ல வேணும். செத்தல் மிளகாய் இல்லாமல் கூழ் இல்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து போர்த்துக்கேயர் கொண்டுவந்த சாமான், பதினாறாம் நூற்றாண்டுக்கு முதல் இங்க ஒரு காய் கூடக் கிடையாது. மிளகு மாதிரி உறைக்கிற காய் என்று நாங்களே பெயர் வைத்துச் சொந்தமாக்கினோம். 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டினதும் அதே போர்த்துக்கேயர்தான். இடித்ததை நாங்கள் மறக்கவில்லை, மிளகாயை விடவும் இல்லை. மரவள்ளியும் தென்னமெரிக்காக் கிழங்கு. 1786இல் ஒல்லாந்த ஆளுநர் வான் டெ கிராப் காலத்தில் மொரீசியஸில் இருந்து இலங்கைக்கு வந்தது. மிஞ்சினது பனையும் பழப்புளியும் பலாக்கொட்டையும் கடலும். பானையில் பாதி கப்பலில் வந்தது என்று சொன்னால் கூழின் மரியாதை குறையும் என்று நாங்கள் நினைக்கவில்லை. துறைமுகத்து ஊரில் வேறு எப்படி இருக்கும்?

மரவள்ளி வெறும் ருசிக்காகப் பானைக்குள் வந்ததும் இல்லை. 1942 மார்ச்சில் யப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள், இலங்கைக்குப் பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு விழுந்தது. அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அரிசிக்குக் கூப்பன் வந்தது, கோதுமை மாவும் கிழங்கும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. 70களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலும் மரவள்ளிதான், 90களின் பொருளாதாரத் தடையிலும் மரவள்ளிதான். 2022இல் காஸ் இல்லாமல் போனபோது முற்றத்தில் மூன்று கல்லு வைத்து விறகு மூட்டின வீடுகளில் பெரிய பானையும் வெளியே வந்தது. அந்த மே மாதம் மகிந்த ராஜபக்ச பதவி விலகி அடுத்த நாள் தஞ்சம் புகுந்ததும் எங்கட கடற்படைத் தளத்துக்குள்ளதான், சனம் வாசலில் நின்று கத்தினது நினைவிருக்கும். 1957இல் கொடி மாறினது, மதில் மாறவில்லை.

இனிப் பேக்கனுக்கு வருவம். உப்பு, புகை, கொழுப்பு. இந்த மூன்றும்தான் சூப்பில் பேக்கன் செய்கிற வேலை. இதில் முதல் இரண்டையும் எங்கட அடுப்படிகளில் பல நூற்றாண்டாக ஒரு சாமான் செய்துகொண்டிருக்கிறது. மாசி. சூரை மீனை அவித்து, புகையில் வைத்து, வெயிலில் மரக்கட்டை மாதிரிக் காயவைப்பது. 1340களில் மாலைதீவில் காதியாக இருந்த இபின் பதூதா, மீனைத் துண்டாக்கி, கொஞ்சம் அவித்து, ஓலைக் கூடையில் வைத்துப் புகையூட்டுவதையும், அது இந்தியா, சீனா, யெமன் வரைக்கும் போவதையும் எழுதியிருக்கிறார். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று எல்லா வீட்டுச் சம்பலிலும் இடிபடுகிற ஒரே சாமான் இதுவாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமைச் சைவக்காரர் மட்டும் மன்னிக்க வேணும்.

முத்திரை பற்றியும் சொல்ல வேணும். எங்கட தோழி ஒருத்தி சீஸ் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சீஸை உறைய வைக்கிற ரெனெற் கன்றின் இரைப்பையில் இருந்து வரலாம், வேறு வழியிலும் வரலாம், அதனால் ஹலால் முத்திரை பார்ப்பது அவளுக்கு அவசியம். வீட்டுச் சைவக்காரருக்கும் இதே கேள்வி இருக்க வேணும், ஆனால் அவர்கள் கேட்பதில்லை. 2013இல் பொது பல சேனா இந்தச் சின்ன முத்திரைக்கு எதிராக நாடு முழுக்கக் கூட்டம் வைத்தது. கடைசியில் ஜம்இய்யத்துல் உலமா உள்ளூர்ப் பொருட்களில் முத்திரை தேவையில்லை என்று இறங்கி வர வேண்டியதாயிற்று. ஒரு பெட்டியின் பின்பக்கத்தை வாசிப்பதற்கு இப்படி ஒரு அரசியல்.

விளையாட்டுக்கு வருவம். கூழ் இரவென்றால் 304. 32 சீட்டு, நாலு பேர், எதிரெதிரே இருக்கிறவர்கள் ஒரு பக்கம். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் 76, நாலு சாதிச் சீட்டுக்கும் 304. ராசாவை விட ஜாக்கும் ஒன்பதும் பெரிசு என்கிற இந்தத் தலைகீழ் ஒழுங்கு நெதர்லாந்திலும் சுவிற்சர்லாந்திலும் ஆடுகிற யாஸ் குடும்ப விளையாட்டுகளின் அடையாளம். ஒல்லாந்தர் வழியாகத்தான் இந்தப் பக்கம் வந்திருக்க வேணும் என்று சீட்டாட்ட வரலாறு எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். எங்கட பெரிசுகள் சொல்கிற இஸ்கோப்பனும் கலாவரையும் ஒல்லாந்தச் சொற்கள், சிங்களத் தோழன் இஸ்கோப்ப, கலாபர என்கிறான். பானைக்குள்ள மரவள்ளியும் பாயில சீட்டும் ஒரே கம்பனிக்காரன் விட்டுப் போனவை. அவன் நினைத்து விட்டுப் போகவில்லை என்பது வேறு.

ஊரடங்குக் காலத்தில் 304 எப்படி வளர்ந்தது என்று எங்கட மாமாமார் கதைகதையாகச் சொல்வார்கள். ஆறு மணிக்கு வீதி அடங்கும், கரன்ட் இருக்காது, குப்பி விளக்கில் விடிய விடியச் சீட்டு. பகிடியாகத்தான் சொல்வார்கள். பகிடிக்குள்ள இருக்கிறது என்னவென்றால், இரவில் வீட்டுக்கு வெளியே நாலு பொடியள் கூடி நிற்பதே இந்த ஊரில் ஆபத்தாக இருந்தது. 2006 ஜனவரி 2ஆம் திகதி பின்னேரம் கடற்கரையில் காந்தி சிலைப் பக்கம் கூடியிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். எங்களைவிட வயது குறைந்தவர்கள், பல்கலைக்கழகக் கனவோடு இருந்தவர்கள். சந்தேக நபர்களாக இருந்த விசேட அதிரடிப்படையினரை 2019இல் நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவித்தது. ஒவ்வொரு ஜனவரியும் அந்த இடத்தில் விளக்கு எரியும். அதே கடற்கரையில் நாங்கள் இன்றைக்கு இரவு ஒன்பது மணிக்குக் கடலை கொறித்துக்கொண்டு நிற்கிறோம். வீட்டில் இருந்து அம்மா இன்னமும் ஏழு மணிக்கே கோல் எடுக்கிறா. அது ஏன் என்று எங்களுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

ஒன்றாகக் குடிக்கிறது என்கிற கதையையும் அளவோடுதான் சொல்ல வேணும். பனையோலையில் பிளா கோலி எல்லாரும் சுற்றியிருந்து கூழ் குடிக்கிற படம் அழகாகத்தான் இருக்கு. அந்தச் சுற்றுக்குள்ள யார் இருந்தார்கள்? வடக்கில் தேநீர்க் கடைகளில் சிலருக்குக் கிளாஸ், சிலருக்குச் சிரட்டையோ போத்தலோ என்று இருந்ததற்கு எதிராகப் பல வருசம் போராட வேண்டியிருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் கடைக்குள் நுழைய அடிபட வேண்டியிருந்தது. பிளாவின் ஒரு வசதி அதைக் குடித்துவிட்டு எறியலாம் என்பது. எச்சில் பாத்திரம் யார் கழுவுவது என்ற கேள்வி வராது. அது சமத்துவமா, சமத்துவத்தைத் தவிர்க்கிற உபாயமா? எங்கட குழுவுக்குள்ள இதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

பொம்பிளையள் விசயத்தில் ஒத்த கருத்து இருக்கு, ஏனென்றால் இதை எழுதுகிறவர்களில் பாதிப் பேர் நாங்கள் பொம்பிளையள். "கூழ் ஆம்பிளையள் காய்ச்சுகிறது" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஓம், அகப்பை பிடிப்பது அவர்கள். ஒடியல் மாவை ஊறவைத்து, கயர்ப்புப் போக இரண்டு மூன்று தண்ணி மாற்றி வடிப்பது, நண்டு உடைப்பது, மிளகாய் அரைப்பது, பலாக்கொட்டை தோல் உரிப்பது யார்? சீட்டுப் பாயில் ஐந்தாவது ஆளாகக் கூட எங்கட அம்மாமார் இருந்ததில்லை. இந்த முறை விதி ஒன்று போட்டோம்: நண்டு உடைக்காதவருக்குக் கேள்வி கேட்கிற உரிமை இல்லை. இரண்டு பேர் முதல் முறையாக நண்டு உடைத்தார்கள்.

இரண்டு பானை வைத்தோம். முதலாவது கூழ். கால் கிலோ ஒடியல் மா, இரவே ஊறவைத்து வடித்தது. கொதிக்கிற தண்ணியில் முதலில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயத்தங்காய். அவை முக்கால் பதம் அவிந்த பிறகு மீன் தலை, நண்டு, இறால். பிறகு அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், பழப்புளியில் கரைத்த மா. மா விழுந்த பிறகு கையை எடுக்கக்கூடாது, அடிப்பிடித்தால் முழுப் பானையும் மணக்கும். இறக்கும்போது முருங்கையிலை.

இரண்டாவது, சீஸ் சூப்பின் திருகோணமலைப் பதிப்பு. இடித்த மாசி ஒரு கைப்பிடியைப் பட்டரில் பொரித்துப் பாதியை எடுத்து வைக்கிறது. அதே சட்டியில் உள்ளி, லீக்ஸ், ஒரு கிலோ உருளைக்கிழங்கு, மூடுமளவு தண்ணி. கிழங்கு குழைந்ததும் மசித்து, பால்மா கரைத்து ஊற்றி, நெருப்பைக் குறைத்து முக்கோணச் சீஸ் ஒரு பெட்டி. தூன் நகரத்து இரண்டு பேரின் புண்ணியத்தில் அது திரையாமல் கரையும். புளி மட்டும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். மிளகுத்தூள் தாராளமாக, மிளகாய் இல்லை. எடுத்து வைத்த மாசியை மேலே தூவிப் பாணோடு கொடுத்தோம். வெள்ளிக்கிழமைக்காரர் இரண்டு பேருக்கு மாசி போடமுதல் ஒரு சின்னச் சட்டியில் பிரித்து வைத்தோம், அதுக்குக் கறிவேப்பிலையும் வெங்காயமும் பொரித்துப் போட்டது.

கந்தளாய்த் தோழன் சீஸ் சூப் மூன்று கோப்பை குடித்தான். கிண்ணியாத் தோழி கூழுக்கு மாறி, உறைப்புக் காணாது என்றாள். 2022 செப்டெம்பர் 11ஆம் திகதி டுபாயில் இலங்கை பாகிஸ்தானை 23 ஓட்டத்தால் வென்ற ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தை யாரோ போனில் மறுபடியும் போட்டார்கள், பானுக்கவின் 71 வரைக்கும் பார்த்துவிட்டு நிறுத்தி, சீட்டைக் குலைத்தோம். முதல் கேள்வி 160. நண்டு உடைத்த கையோடு கேட்டவன், துருப்பை மறைத்து வைத்ததில் சீட்டில் மஞ்சள் பிரண்டு, எல்லாருக்கும் அது என்ன சீட்டென்று தெரிந்துவிட்டது.